முழங்கை

மூன்றாம் தவணை தொடங்கும்வரை
சதுர்ஜாவின் இடது காது
என் வலது முழங்கைதான்.

இடாப்பில் அவள் பெயர் வந்தால் ஒரு இடி.
"கொப்பியை மூடுங்கோ" என்றால் இரண்டு.
மிஸ் எங்களைத்தான் பார்க்கிறா என்றால்
இடியில்லை,
பேனா மூடியால் மெதுவாக ஓர் அழுத்தம்.

ஏழு பி. தகரக் கூரை.
உவர்மலை ஏறும் லொறிகள் எங்கள் மதிலோரம்தான் கியர் மாற்றும்.
மூன்று மின்விசிறியில் ஒன்று கொக்கரிக்கும்.
அவளுடைய காதுக்கருவிக்கு எல்லாம் ஒன்று:
மிஸ்ஸும் விசிறியும் லொறியும்
முண்டியடித்து ஒரே வாசலால் நுழைவார்கள்.
"வீட்டில கேக்குது, இங்கதான் விளங்கேல்ல" என்பாள்.
ஒருவரும் நம்பவில்லை.
நானும் பாதிதான்.

பிறகு கொழும்பிலிருந்து ஒரு பெட்டி வந்தது.
தீப்பெட்டி அளவில் மைக், அதில் பச்சை விளக்கு.
வயர் இல்லை.
வதனி மிஸ் அதைச் சேலை மடிப்பில் குத்தினா.
தாலிக்கொடி உரசி உரசி
முதல்நாள் முழுக்கச் சதுர்ஜாவுக்கு நகைக்கடைச் சத்தம்.
விஞ்ஞான சேர் சட்டைப்பையில் போட்டார்,
சாவிக்கொத்து பாடம் எடுத்தது.
மறுநாள் மிஸ் கொடியைச் சட்டைக்குள் விட்டா.
அன்று கேட்டது.

எப்படியென்று கேட்டேன்.
"மிஸ் பலகைக்குக் கிட்டத்தான் நிக்கிறா.
குரல் மட்டும் நடந்து வந்து
என்ர காதுக்குள்ள கதிரை போட்டு இருக்குது."

என் முழங்கைக்கு வேலை போனது.
பழக்கத்தில் இடித்தால்
"கேட்டது, கேட்டது" என்று தள்ளிவிட்டாள்.
மனக்கணக்கில் இருபதுக்குப் பதினெட்டு எடுத்தாள்.
நான் பதின்மூன்று.
காலைக்கூட்டத்தில் அதிபர் சொன்னார், எல்லாரும் கைதட்டினோம்.
நான் கொஞ்சம் மெதுவாகத் தட்டினேன்.
அது ஒருவருக்கும் கேட்டிருக்காது.

அந்த மைக்குக்கு மிஸ்ஸை மட்டும்தான் தெரியும்.
பக்கத்திலிருந்து நான் குசுகுசுத்தால்
அது விசிறியோடு போய்ச் சேரும்.
ஒருநாள் தெருவில் திரிகிற மான் ஒன்று வாசல்வரை வந்து
தர்சனின் சாப்பாட்டுப் பையை முகர்ந்தது.
வகுப்பே சிரித்தது.
அவள் மட்டும் பின்னங்களுக்குள் இருந்தாள்.
முழங்கை தானாகப் போனது.
திரும்பினாள். மானைக் கண்டாள். வாயைப் பொத்தினாள்.
சரி,
மான் வேலை இன்னும் என்னிடம்தான்.

கார்த்திகையில் ஒரு வியாழன்.
மழை தகரத்தில் மூட்டை மூட்டையாக அரிசி கொட்டியது.
மிஸ்ஸின் வாய் அசைந்தது. ஒன்றும் இல்லை.
முப்பத்தைந்து பேரும் கழுத்தை நீட்டிக்கொண்டு இருந்தோம்.
என் விலாவில் ஒரு இடி.
"முப்பத்தாறாம் பக்கம், நாலாங்கணக்கு."
காதோடு சொன்னாள்.
நான் பின்வாங்குக்குச் சொன்னேன், அவர்கள் அடுத்த வாங்குக்கு.
கணக்கு அப்படியே வாங்கு வாங்காக ஊர்ந்து
கடைசி யன்னலுக்குப் போனது.

இடையில் மிஸ்ஸின் போன் வெளிச்சம் காட்டியது.
விறாந்தைக்குப் போனா.
பச்சை விளக்கும் கூடப் போனது.

சதுர்ஜா எழுதிக்கொண்டிருந்தாள்.
எழுதியது நின்றது.
பேனையை வைத்தாள்.
எழும்பிப் போய்
மழைச் சாரலில் சுவரைப் பார்த்து நின்ற மிஸ்ஸின் முன்னால்
விரலை நீட்டி விளக்கைக் காட்டினாள்.
மிஸ் கையால் அதைப் பொத்தினா.
விளக்கு அணைந்தது.
கொஞ்சநேரம் இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள்.

வந்து இருந்தாள். "என்ன?" என்றேன்.
மழையில் எனக்கே என் குரல் கேட்கவில்லை,
அவளுக்கு விளங்கியது.
தலையாட்டவில்லை.

மிஸ் உள்ளே வந்து
மூக்குக்கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்தா.
சாரல் என்று வகுப்பு நினைத்தது.
நான் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் கையில்
பேனா மூடியால் மெதுவாக ஓர் அழுத்தம்.

நான் குனிந்து
நாலாங்கணக்கைத் திரும்ப முதலிலிருந்து செய்தேன்.